மிடறும் நாவும்: பேச்சுறுப்புப் பயிற்சியும் உறக்க மூச்சடைப்பும்



இம்மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் சொல்லாராய்ச்சியும் இலக்கண வரலாறும் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்றைய தலைப்பு சற்று வியப்பளிக்கக்கூடும். குறட்டைக்கும் மொழியியலுக்கும் என்ன உறவு என்னும் வினா எழுவது இயல்பே. விடை எளியது. எழுத்துகளின் பிறப்புக்கு எவை கருவிகளோ குறட்டைக்கும் அவையே கருவிகள். நா, அண்ணம், உள்நாக்கு, மிடறு என்னும் இவற்றின் வழியே பகலில் சொல்லாகி வெளிப்படும் மூச்சுதான் இரவில் அதே வழியில் தடையுண்டு அதிர்கிறது.

நாம் மருத்துவர் அல்லோம். ஒலியியலைக் கற்றும் கற்பித்தும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள். ஆதலின் நோயைக் கண்டறிவதும் அதற்குரிய முறையை வகுப்பதும் நமக்குரிய பணிகள் அல்ல. எனினும் பேச்சுறுப்புகளைப் பயிற்றுவதால் குறட்டையும் உறக்க மூச்சடைப்பும் ஓரளவு குறைகின்றன என்று கடந்த 20 ஆண்டுகளில் மருத்துவ ஆய்வுகள் சில காட்டியுள்ளன. பேச்சுறுப்பு என்னும் சொல் வந்தவுடன் மொழியியலார் வாளாவிருத்தல் இயலாது. அப்பயிற்சிகள் யாவை, அவை எவ்வளவு பயன் தரும், தமிழ் அறிந்தோர் அவற்றுக்கு என்ன துணை செய்யலாம் என்பனவே இன்று நாம் ஆராய இருப்பவை.

குறட்டை என்னும் ஒலி

தமிழின் எழுத்தொலிகள் அனைத்தும் வெளிச்செல்லும் மூச்சால் பிறப்பவை. குறட்டையோ பெரும்பாலும் உட்செல்லும் மூச்சால் எழுவது. பேச்சில் உயிரொலிக்கு அதிர்வு தருவது குரல்வளையில் உள்ள குரல்நாண்கள். குறட்டையில் அதிர்வன மெல்லண்ணமும் அதன் முனையில் தொங்கும் உள்நாக்கும் ஆகும். சிலர்க்கு நாவின் அடியும் மிடற்றின் பக்கச் சுவர்களும் சேர்ந்து அதிர்வதுண்டு.

ஒலியியல் வகுப்பில் உருளொலி என ஒன்றைக் கற்பிப்போம். நாநுனியை அண்ணத்தின் அருகே தளர்வாக நிறுத்தி மூச்சை விசையுடன் செலுத்தினால் அது தானே படபடத்து ‘ர்ர்ர்’ என ஒலிக்கும். ஒவ்வொரு துடிப்பையும் நாம் செய்வதில்லை. உறுப்பை இடத்தில் நிறுத்துவதே நம் செயல். துடிக்கச் செய்வது காற்று. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் ரகரத்தை உள்நாக்கின் துடிப்பால் ஒலிக்கும் வழக்கமும் உண்டு. குறட்டை இவ்வகையைச் சார்ந்ததே. வேறுபாடு ஒன்று உண்டு. உருளொலியில் உறுப்பை நிறுத்துவது நம் முயற்சி. குறட்டையில் முயற்சி இல்லை. தசைகள் தளர்ந்து கிடக்க, குறுகிய வழியில் விரையும் காற்று அவற்றை ஆட்டுகிறது.

பேச்சுக்குக் கொடுத்த விலை

இவ்வழி மனிதர்க்கு ஏன் இவ்வளவு எளிதில் குறுகுகிறது என்பதை நோக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குக் குரல்வளை கழுத்தில் உயரத்தில் இருக்கும். குரல்வளை மூடி மெல்லண்ணத்தைத் தொடுமளவு அண்மையில் நிற்கும். வளரும் ஆண்டுகளில் குரல்வளை கீழிறங்குகிறது. அதனால் நாவின் பின்பகுதி மிடற்றுக்குள் இறங்கி, மிடற்றின் முன்சுவராகவே அமைந்துவிடுகிறது.

பேச்சுக்கு இது பெரும்பேறு. ‘ஈ’ என்று ஒலிக்கும்போது நாவின் அடி முன்னே நகர்ந்து மிடறு அகல்கிறது. ‘ஆ’ என்று ஒலிக்கும்போது நாவின் அடி பின்னே சென்று மிடறு குறுகுகிறது. வாயறை ஒன்று, மிடற்றறை ஒன்று என இரண்டு அறைகளையும் மாற்றி மாற்றி வடிவமைக்க இயல்வதால்தான் உயிரொலிகள் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

மூச்சுக்கோ இஃது இடர். மூக்கின் வழிக்கு எலும்பும் குருத்தெலும்பும் காவல். மூச்சுக்குழலுக்குக் குருத்தெலும்பு வளையங்கள் காவல். அண்ணத்தின் பின்முனையிலிருந்து குரல்வளை வரையுள்ள மிடற்றுப் பகுதிக்கு அத்தகைய காவல் இல்லை. நாவடியில் உள்ள எலும்பும் வேறெந்த எலும்போடும் மூட்டாக இணையாது, தசைகளாலும் தசைநார்களாலும் தாங்கப்பட்டுத் தொங்குவது. ஆகவே இவ்வழி திறந்திருப்பது தசைகளின் உழைப்பால் மட்டுமே. பேச்சுக்கு ஏற்ற இவ்வமைப்பே உறக்க மூச்சடைப்புக்கும் வழி திறந்தது என்னும் கருத்தை அமெரிக்க மருத்துவர் டெரன்ஸ் டேவிட்சன் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார். குரல்வளை இறங்கியதன் காரணம் பற்றி அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. எனினும் மென்மையான இக்குழாயே பேச்சின் களமாகவும் குறட்டையின் களமாகவும் விளங்குகிறது என்பதில் ஐயமில்லை.

நகைப்புக்குரியதன்று

குறட்டை விடுபவரைக் கும்பகருணன் எனக் கேலி பேசுவது நம் வீடுகளில் வழக்கம். 1836இல் தொடராக வெளிவரத் தொடங்கிய சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ புதினத்தில், நின்ற இடத்திலேயே உறங்கிக் குறட்டை விடும் ஜோ என்னும் பருத்த சிறுவன் நகைப்புக்குரிய பாத்திரமாகவே வருகிறான். 1956இல் மருத்துவர்கள் சிலர், உடற்பருமனும் மூச்சுக் குறைவும் பகலுறக்கமும் சேர்ந்த ஒரு நிலைக்கு அந்தப் புதினத்தின் பெயரையே இட்டனர். நகைப்பாக இருந்தது நோய்ப்பெயர் ஆயிற்று.

உறங்கும்போது தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாவும் மெல்லண்ணமும் பின்னே சரிகின்றன. வழி குறுகினால் குறட்டை. முற்றும் அடைபட்டால் மூச்சு நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சை இழுக்க முயன்றுகொண்டே இருக்கும். காற்று மட்டும் செல்லாது. குருதியில் உயிர்வளி குறையும்போது மூளை உறக்கத்தைக் கலைக்கும். தசைகள் விறைப்புற்று வழி திறக்க, உறங்குபவர் பெருமூச்சுடன் திமிறி மீண்டும் உறங்கிவிடுவார். காலையில் அவர்க்கு இவற்றுள் ஒன்றும் நினைவிராது. இதனையே ஆங்கிலத்தில் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கின்றனர். ஆப்னியா என்பது மூச்சின்மை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். மூளையிலிருந்து மூச்சுக்கான ஏவல் வாராமையால் நிகழும் வகையும் உண்டு. நாம் பேசுவது வழி அடைபடுவதால் வரும் வகையைப் பற்றியே.

10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதனை ஒரு மூச்சடைப்பாகக் கணக்கிடுவர். முழு அடைப்புகளையும் அரைகுறை அடைப்புகளையும் கூட்டி, ஒரு மணி நேரத்திற்கு எத்தனை எனக் காண்பர். பெரியவர்க்கு 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை உறக்கம் குலைகிறது என்று பொருள். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் நிகழுமாயின் உயர் குருதியழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்புப் பெருகுகிறது. பகலில் வாகனம் ஓட்டுகையில் கண்ணயர்ந்துவிடும் இடரும் உண்டு.

சிங்கப்பூரில் பல இனத்தவரையும் உள்ளடக்கி நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வொன்று, பெரியவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு நடுத்தர அல்லது கடுமையான அளவில் இக்குறை இருப்பதாகவும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதுவரை கண்டறியப்படாதவர்கள் என்றும் தெரிவித்தது. பருத்த உடலினர்க்கே இது வரும் என்னும் எண்ணமும் பொருந்தாது. தாடை சிறுத்து மிடறு ஒடுங்கியவர்க்கும், மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கும், தொண்டைச் சதை பெருத்த குழந்தைகளுக்கும் இது வருவதுண்டு.

இலக்கணம் காட்டும் வாயும் மிடறும்

இனி நம் நூல்களின் பக்கம் திரும்புவோம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கிறது என்று அது வகுக்கிறது. நாவை முதல், இடை, நுனி என மூன்றாகவும், அண்ணத்தையும் அவ்வாறே மூன்றாகவும் பகுத்து, ககர ஙகரம் நாவின் முதலும் அண்ணத்தின் முதலும் சேர்வதால் பிறக்கும் என்கிறது. சகர ஞகரத்துக்கு இடை. டகர ணகரத்துக்கு நுனி. ஒற்றுதல், வருடுதல், வீங்குதல், பரத்தல், குவிதல் என நாவும் இதழும் செய்யும் வினைகளுக்குத் தனித்தனிச் சொல் உண்டு. பின்வந்த நன்னூலார், நெஞ்சும் மிடறும் தலையும் மூக்கும் காற்றுப் பொருந்தும் இடங்கள் என்றும், இதழும் நாவும் பல்லும் அண்ணமும் தொழில் புரிவன என்றும் பிரித்துக் காட்டி, இவையனைத்தும் உயிரின் முயற்சியால் நிகழ்வன என்றார்.

அம்முயற்சி என்னும் சொல்லை மனங்கொள்ள வேண்டும். உறக்கத்தில் இல்லாது போவது அதுவே. நம் இலக்கணிகள் உறக்க மூச்சடைப்பை அறிந்திருந்தனர் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது அவர்களுக்குப் பெருமையும் ஆகாது. அவர்கள் ஆராய்ந்தது எழுத்தின் பிறப்பை. அதனை ஆராயும் பொருட்டு, கண்ணுக்குத் தெரியாத வாயின் உட்பகுதியை ஒவ்வோர் இடமாகச் சுட்டவும் ஒவ்வோர் அசைவாகப் பெயரிடவும் கற்றனர். இன்று ஒரு பயிற்சியாளர்க்கு வேண்டியதும் அந்தத் திறனே.

இப்போது அவையோர் அனைவரும் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். மூக்கை விரல்களால் பொத்திக்கொண்டு ‘ஆ’ என நீட்டுங்கள். ஒலி தடையின்றி வருகிறது. இனி அவ்வாறே பொத்திக்கொண்டு ‘ங்’ என நீட்டுங்கள். நொடியில் நின்றுவிடுகிறது. ‘ஆ’ என்னும்போது மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைத்திருக்கிறது; காற்று வாயால் செல்கிறது. ‘ங்’ என்னும்போது மெல்லண்ணம் தாழ்ந்து மூக்கின் வழியைத் திறந்திருக்கிறது. அவ்வழியை விரல் அடைத்தவுடன் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. ‘சங்கம்’ என்னும் ஒரு சொல்லிலேயே அக்கதவு ஙகரத்தில் தாழ்ந்து, ககரத்தில் உயர்ந்து, மகரத்தில் மீண்டும் தாழ்கிறது. இரவில் அதிர்வது இக்கதவே.

ஆய்வுகள் சொல்வன

மூச்சடைப்புக்கு இன்றும் முதன்மையான மருத்துவம், முகமூடி வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி மிடற்றைத் திறந்து வைக்கும் ‘சீபேப்’ கருவி. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் இதனை வெளியிட்டனர். பயன் உறுதியானது. ஆயினும் ஒவ்வோர் இரவும் முகமூடி அணிந்து உறங்கப் பலர்க்கு இயலவில்லை. ஆகவே பிற வழிகளும் தேடப்பட்டன.

பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரில், பேச்சு சிகிச்சையாளர் காட்டியா கிமராயிஷ் உள்ளிட்ட குழுவினர் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. நடுத்தர மூச்சடைப்பு உடைய 31 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் நாளும் 30 நிமிடம் நா, மெல்லண்ணம், கன்னம் ஆகியவற்றுக்கான பயிற்சிகளைச் செய்தனர். மற்றோர் பகுதியினர் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தனர். மூன்று மாதத்தின் முடிவில், உறுப்புப் பயிற்சி செய்தோரின் சராசரி மணிக்கு 22.4 அடைப்பிலிருந்து 13.7ஆகக் குறைந்தது. மற்றவர்க்குக் குறையவில்லை.

அந்நாட்டிலேயே 39 பேரைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு குறட்டையைக் கருவியால் அளந்தது. நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு 8 நிமிடம் எனப் பயிற்சியைச் சுருக்கியிருந்தனர். மூன்று மாதத்தில் குறட்டையின் எண்ணிக்கை 36 விழுக்காடும் அதன் மொத்த ஒலியாற்றல் 59 விழுக்காடும் குறைந்தன.

சுவிட்சர்லாந்தில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழலான டிஜிரிடூவை நான்கு மாதம் பயில்வதன் பயனை 25 பேரைக் கொண்டு நோக்கிய ஆய்வு 2006இல் வந்தது. குழல் பயின்றோர்க்கு மூச்சடைப்பும் பகலுறக்கமும் குறைந்தன. சிரிக்கவும் பின் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபெல் பரிசு 2017இல் அதற்கு ‘அமைதி’ப் பிரிவில் கிடைத்தது, வீட்டாரின் அமைதியைக் கருதியே போலும். நாகசுரக் கலைஞர்கள் இதனைக் கேட்டு மகிழலாம். எனினும் அவர்கள் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றின் எல்லையையும் அறிதல் நன்று. பங்கேற்றோர் தொகை சிறிது. காலம் சில மாதங்களே. 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு ஒன்பது ஆய்வுகளையும் 347 பங்கேற்பாளரையும் தொகுத்து நோக்கி, பகலுறக்கம் குறையக்கூடும் என்று கூறியது. ஆயினும் சான்றுகளின் உறுதிப்பாடு குறைவு என்பதையும் உடன் சொன்னது. 22.4 என்பது 13.7 ஆனாலும் 5க்குக் கீழ் வரவில்லை என்பதைக் காண்க. அஃதாவது நோய் தணிந்தது, தீரவில்லை. கடுமையான நிலையில் உள்ளவர் கருவியை ஒதுக்கிவிட்டுப் பயிற்சியை மட்டும் நம்புவதற்கு இவ்வாய்வுகள் இடம் தரவில்லை.

பயிற்சிகள் ஐந்து

பிரேசில் ஆய்வுகளில் இடம்பெற்ற பயிற்சிகளின் சாரத்தைத் தமிழின் ஒலிப்புச் சொற்களால் விளக்குவோம். மருத்துவரிடமோ பேச்சு சிகிச்சையாளரிடமோ கேட்டறிந்த பின் செய்க.

முதலாவது, நாவை வருடுதல். நாநுனியை மேற்பல்லின் பின்புறம் அண்ணத்தில் அழுத்தி, அழுத்தம் விடாமல் பின்னோக்கி வழித்துச் செல்க. தகரத்தின் இடத்தில் தொடங்கி டகரத்தின் இடத்தையும் கடந்து இயன்ற அளவு பின்னே செல்வது இது. 20 முறை.

இரண்டாவது, நாவை முழுதும் அண்ணத்தில் ஒட்டுதல். நுனி மட்டுமன்றி இடையும் முதலும் அண்ணத்தில் படிய, நாவை மேல்நோக்கி உறிஞ்சி அழுத்துக. மாட்டுவண்டி ஓட்டுவோர் நாவைச் சொடுக்கி ‘டொக்’ என ஒலி எழுப்புவதை மூத்தோர் கேட்டிருப்பீர்கள். சொடுக்குவதற்குச் சற்றுமுன் நா நிற்கும் நிலையே இது. ஆப்பிரிக்காவின் ஸூலு, கோசா மொழிகளில் அத்தகைய சொடுக்கொலி எழுத்தாகவே வழங்குகிறது. இங்கோ சொடுக்க வேண்டா. ஒட்டி அழுத்துவதே வேலை. 20 முறை.

மூன்றாவது, நாவடியைத் தாழ்த்துதல். நாநுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடியே இருக்க, நாவின் பின்பகுதியை வாயின் தரையை நோக்கி அழுத்துக. இதுவும் 20 முறை.

நான்காவது, மெல்லண்ணத்தை உயர்த்துதல். வாயை நன்கு திறந்து ‘அ, அ, அ’ என விட்டுவிட்டு ஒலிக்க, உள்நாக்கு மேலெழுவதைக் கண்ணாடியில் காணலாம். 20 முறை. சில வாரங்களில் இதில் தேர்ச்சி வந்தபின், ஒலி இல்லாமலே மெல்லண்ணத்தை உயர்த்தி 5 விநாடி நிறுத்தலாம்.

இங்கு மொழியியலார் சொல்லத்தக்க குறிப்பு ஒன்றுண்டு. 2009ஆம் ஆண்டு ஆய்வு, வாய்வழி உயிரை ஒலிக்க வேண்டும் என்று தெளிவாகக் குறிக்கிறது. போர்த்துக்கீச மொழியில் வாயுயிர், மூக்குயிர் என இரண்டும் உண்டு. மூக்குயிரில் மெல்லண்ணம் தாழ்ந்து நிற்கும். தமிழ் எழுத்தில் மூக்குயிர் இல்லை. ஆனால் பேச்சில் உண்டு. ‘மரம்’ என எழுதுவதைப் பேசும்போது இறுதி மகரத்தில் இதழ் குவியாமல், உயிரையே மூக்கால் ஒலித்து முடிக்கிறோம். ஆகவே இப்பயிற்சியில் ‘அ’வை மூக்கின் வழியே இழுத்து ஒலித்தால் மெல்லண்ணம் உயராது; உழைப்பு வீணாகும். ஒலிக்கும்போது மூக்கைப் பொத்தியும் விடுத்தும் பார்க்க. ஒலி மாறாதிருந்தால் பயிற்சி சரியானது. மாறினால் காற்று மூக்கில் கசிகிறது.

ஐந்தாவது, கன்னத்துக்கு உரியது. தூய விரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தை வெளிப்புறமாகத் தள்ள, கன்னத் தசையால் அதனை உட்புறமாக அழுத்துக. பக்கத்துக்கு 10 முறை. உண்ணும்போதும் இருபுறமும் மாற்றி மென்று, இதழ்களை இறுக்காது, நாவை அண்ணத்தில் பதித்து விழுங்குக.

பேசுவதே போதாதா?

பேச்சுறுப்புக்குப் பயிற்சி வேண்டுமெனில் பேசுவதே போதாதா என்று கேட்கலாம். போதும் என்றால் ஆசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் குறட்டை விடமாட்டார்கள். அவர்தம் இல்லத்தார் வேறு சான்று கூறுவர்! பேச்சில் நாவின் அசைவு விரைவானது, மிகச் சிறியது. ஓர் எழுத்து ஒரு நொடியில் சிறு பகுதியே நிற்கிறது. தசை வலுப்பெற அழுத்தமும் எதிர்ப்பும் நிறுத்தமும் மீள்செய்கையும் வேண்டும். பயிற்சிகள் தருவன இவையே. பேச்சு தருவது இவற்றுள் மிகச் சிறிதே.

இதனை இவ்வளவு அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ழகரத்தை நாளும் இத்தனை முறை ஒலித்தால் இன்ன நோய் தீரும் என்னும் வகையான கூற்றுகள் நம்மிடையே உலவுகின்றன. தமிழ்ப் பற்றுடையோர் அவற்றை மகிழ்ந்து பரப்புகின்றனர். மேற்கூறிய ஆய்வுகள் எவையும் ஒரு மொழியின் எழுத்துக்கு மருந்தாற்றல் உண்டா என்று ஆராய்ந்தவை அல்ல. அவை ஆராய்ந்தது தசைப் பயிற்சியை. ழகரம் தமிழுக்கு அணி. நோய்க்கு மருந்து எனப் பட்டம் சூட்டுவதால் அதன் பெருமை மிகுவதில்லை. மாறாக, ஒருவர் அக்கூற்றை நம்பி உறக்கச் சோதனைக்குச் செல்லாமல் இருந்துவிட்டால், தமிழின் பெயரால் அவர்க்குத் தீங்கு செய்தவர் ஆவோம். மொழிப்பற்று உண்மையின் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதே நாம் இன்று வலியுறுத்த விரும்பும் செய்தி.

தமிழ் செய்யத்தக்க துணை

அங்ஙனமாயின் தமிழுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, அது மருந்தின் பங்கு அன்று, சொல்லின் பங்கு.

எண்பது வயதைக் கடந்த உறவினர் ஒருவர்க்கு இத்தகைய பயிற்சி பரிந்துரைக்கப்பட்டபோது துணைக்குச் சென்றிருந்தோம். கையில் தரப்பட்ட தமிழ்த் துண்டுத்தாளில் ‘மென்அண்ண மேலுயர்த்தல்’ என்று அச்சிட்டிருந்தது. அதை இருமுறை படித்துவிட்டு, “இது எங்கே இருக்கு தம்பி?” என்று கேட்டார். “கொட்டாவி வரும்போது தொண்டைக்கு மேலே விரிந்து கொடுக்குதே, அந்த இடம்தான் சித்தி. வாயைத் திறக்காமல் கொட்டாவி விடுங்கள்” என்றோம். உடனே செய்துவிட்டார். “இதுக்கா இவ்வளவு பெரிய பேரு?” என்றும் கேட்டார்.

அத்துண்டுத்தாளில் பிழை ஏதும் இல்லை. சொல் சரி; சென்று சேரவில்லை. வாயின் உட்புறம் கண்ணால் காட்ட இயலாதது. கையைத் தூக்கு என்றால் தூக்கிக் காட்டலாம். நாவடியைத் தாழ்த்து என்பதைச் சொல்லால் மட்டுமே உணர்த்த முடியும். எனவே இப்பயிற்சியின் வெற்றி பெரிதும் சொல்லின் தெளிவைப் பொறுத்தது. பலமொழி வழங்கும் இந்நாட்டில் மூத்த தமிழர் பலர் நுண்ணிய உடல் உணர்வுகளைத் தமிழிலேயே உணர்கின்றனர், தமிழிலேயே கூறுகின்றனர். அவர்க்கு ஆங்கிலச் சொல்லின் எழுத்துப்பெயர்ப்பும் பயன்படாது. அகராதி மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பும் பயன்படாது.

தமிழில் இதற்குச் செல்வம் இரு வகையில் உண்டு. ஒன்று, அண்ணம், மிடறு, நாவிளிம்பு, ஒற்றல், வருடல் என இலக்கணம் காத்துத் தந்த நுண்சொற்கள். மற்றொன்று, கொட்டாவி, கொப்பளித்தல், உறிஞ்சுதல், நாவைச் சொடுக்குதல், சப்புக்கொட்டுதல் என நாள்தோறும் வாயால் செய்யும் வினைகளுக்கான வழக்குச் சொற்கள். பயிற்சியாளர்க்கு முன்னது வரைபடம் போன்றது; பயில்வோர்க்குப் பின்னது கைவிளக்குப் போன்றது. இரண்டையும் இணைத்து, தேர்ந்த பேச்சு சிகிச்சையாளரும் தமிழாசிரியரும் கூடி அமர்ந்து, படத்துடன் கூடிய எளிய கையேடு ஒன்றை உருவாக்கலாம். இம்மன்றம் போன்ற அமைப்புகள் அதற்கு முன்கை எடுக்கத் தகும்.

நோயைப் பற்றிய சொற்களிலும் கருத்து வேண்டும். ‘நல்லா தூங்குறார்’ என்று குறட்டையைப் பாராட்டும் வழக்கு நம்மிடம் உள்ளது. உரத்த குறட்டை நல்லுறக்கத்தின் அடையாளம் அன்று. குறட்டை நடுவே ஒலி திடீரென நின்று, பின் திமிறலோடு தொடங்குமாயின் அந்த அமைதியே அஞ்சத்தக்கது. காலையில் தலைவலி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், பகலில் பேருந்திலும் கூட்டங்களிலும் கண்ணயர்தல் ஆகியவையும் உடன் இருந்தால், குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடி உறக்கச் சோதனைக்கு வழி கேட்க வேண்டும். உறங்குபவர் தம் மூச்சு நிற்பதை அறியார். அறிபவர் அருகில் இருப்பவரே. ஆகவே அவரே சாட்சி. அவர் கேலியை விடுத்துத் தாம் கண்டதை மருத்துவரிடம் எடுத்துரைத்தல் கடமை.

தொகுத்துக் கூறுவோமாயின், குறட்டைக்குக் காரணமான உறுப்புகள் பேச்சுக்குரிய உறுப்புகளே. அவற்றை முறையாகப் பயிற்றினால் பலர்க்குக் குறட்டையும் இலேசான, நடுத்தர மூச்சடைப்பும் தணியக்கூடும்; அதற்கு மாதக்கணக்கான விடாமுயற்சி வேண்டும். பயிற்சி மருத்துவத்துக்குத் துணையாகலாம், மாற்று ஆகாது. தமிழ் அறிந்தோர் இதில் செய்யத்தக்கது, பயிற்சியை ஒரு மூதாட்டியும் கேட்டவுடன் செய்யுமாறு தெளிந்த சொற்களில் சொல்லித் தருவதே.